மீனம்மாவின் சப்பாத்து

கொழுந்தெடுக்கிறவளுக்குச் சப்பாத்து எதற்கு என்று தோட்டமே கேட்டது.

கேட்டவர்களில் பாதிப்பேர் ஒன்பதாம் நம்பர் மலையில் ஏறியதே இல்லை. அங்கே தேயிலையைவிடப் பாறைதான் அதிகம். மழை பெய்துவிட்டால் பாசியில் கால் நிற்காது. மற்றப் பெண்களுக்கு அது சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் ஏறிப் பழகிய மலை. மீனம்மா அப்படியில்லை. பத்து வருஷமாகத் தேயிலை ஸ்டோரில், சமமான தரையில் உட்கார்ந்து குச்சி பொறுக்கியவள். ஆள் அதிகம் என்று சொல்லி அவளை மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் வாரத்திலேயே இரண்டு தடவை கூடையோடு உருண்டாள். மூன்றாம் தடவையும் விழுந்தால் பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டார். பேரை வெட்டினால் வேலை போகும். வேலையோடு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும்.

பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் றோசலின்தான் யோசனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவிட்டு அவளே மீனம்மாவை அட்டன் டவுனில் ஒரு சப்பாத்துக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

பெண்களுக்கு என்று கடை முதலாளி எடுத்துப்போட்டதெல்லாம் குதி உயர்ந்தவை. கல்யாண வீட்டுக்குப் போகலாம், பாறையில் ஏற முடியாது. தோல் சப்பாத்தின் விலையைக் கேட்டதும் மீனம்மா எழுந்தேவிட்டாள். றோசலின் அவளைப் பிடித்து உட்காரவைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற கென்வஸ் சப்பாத்தை எடுக்கச் சொன்னாள்.

"அடியில றப்பர் சொரசொரன்னு இருக்கணும். கையால மடிச்சா மடங்கணும், அப்பத்தான் கல்லப் புடிக்கும்" என்று வளைத்துப் பார்த்தாள். "வெரல் இடிக்குதா?"

"கொஞ்சம் இடிக்குதுக்கா."

"அப்ப வேணாம். எறங்கையில நகமே பேந்துரும். ஒரு சைஸ் பெருசு குடுங்க முதலாளி."

இமயமலைக்கா போகிறீர்கள் என்று முதலாளி சிரித்தார். ஒன்பதாம் நம்பருக்கு ஒருநாள் வந்து பாருங்கள் என்றாள் றோசலின். மீனம்மா கடை வாசலின் ஈரப்படியில் நான்கு தடவை ஏறி இறங்கினாள். வழுக்கவில்லை. விலையும் கைக்கு அடங்கியது. வெள்ளை நிறம்தான் உறுத்தியது. யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று வீட்டில் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டுப் பழுப்பாக்கிக்கொண்டாள்.

திங்களும் செவ்வாயும் அவள் விழவில்லை. கூடை நிறைந்தது. கங்காணியும் வாயை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை மலை பார்க்க, கங்காணிகளுக்கெல்லாம் மேலான கண்டாக்கையா வந்தார். அவருக்கு முன்னால் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு நிற்பதில்லை. வெள்ளைக்காரத் துரை காலத்து வழக்கம். துரை கப்பலேறி, தோட்டமும் அரசாங்கத்துக்கு வந்து மூன்று வருஷமாகிறது. வழக்கம் மட்டும் கப்பலேறவில்லை. றப்பர் செருப்பென்றால் உதறிவிடலாம். நாடா கட்டிய சப்பாத்தை நடுப்பாறையில், முதுகில் கூடையோடு நின்றுகொண்டு எப்படிக் கழற்றுவது?

"எனக்கு முன்னாலயே சப்பாத்தோட நிக்கிறியா?"

"குனிஞ்சா உருண்டுருவேங்க."

"அப்ப எறங்கு. இனிமே சப்பாத்தோட வந்தா ஒனக்கு வேலை இல்ல."

விஷயம் தோட்டத்துச் சங்கத் தலைவர் முத்துலிங்கத்தின் காதுக்குப் போனது. அவர் கொதித்துப்போனார். மறுநாள் விடிந்ததும் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்திலேயே, அரசாங்கம் போட்ட புதுத் துரையை மறித்துக்கொண்டு கேட்டார்.

"அவளும் மனுசிதானுங்களே? அவ காலும் காலுதானுங்களே? யாரு முன்னாலயும் அவ எதுக்குக் கழட்டணும்?"

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார். பெண்கள் கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு மூன்று நாள் களத்திலேயே உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் துரை இறங்கிவந்தார். எந்தப் பெண்ணும் சப்பாத்துப் போட்டு மலை ஏறலாம், யார் வந்தாலும் கழற்ற வேண்டியதில்லை என்று ஒத்துக்கொண்டார். களத்தில் வெடி கொளுத்தினார்கள். மீனம்மா அழுதுவிட்டாள். தன் காலைப் பற்றி இத்தனை பேர் பேசுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, தலைவருக்கு நன்றி சொல்லப் புறப்பட்டாள். அவர் இருப்பது மேட்டு லயம். அவளைப்போன்ற கீழ் லயத்துச் சாதியார் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஆனாலும் தனக்காகத் துரையையே மறித்தவர் வீட்டுக்குப் போக என்ன தயக்கம்? சப்பாத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மேட்டு லயத்தார் தண்ணீர் பிடிக்கிற பீலியடியை அவள் தாண்டுவதற்குள் தலைவரே எதிரே ஓடிவந்தார். மீனம்மாவுக்கு மனசு நிறைந்துபோனது.

அவர் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாம்மா மீனம்மா. சப்பாத்த இங்கயே கழட்டிரு. ஒங்க ஆளுங்க கால்ல போட்டுக்கிட்டு இந்தப் பக்கம் வாரதில்லன்னு ஒனக்குத் தெரியாததா?"

பீலியடிக் கல்லில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். இங்கே குனிந்தால் உருண்டுவிடுவோம் என்ற பயமில்லை.

இரண்டும் கழன்றதைப் பார்த்த பிறகுதான் தலைவர் முகம் தெளிந்தது. பழத்தை வாங்கிக்கொண்டு, அப்போதுதான் ஞாபகம் வந்தவரைப்போலச் சொன்னார்:

"நாளைக்கு அட்டன்ல நம்ம வெற்றிக் கூட்டம். நீ மேடையில ஏறி நிக்கணும். அப்ப மறந்துறாம சப்பாத்த மாட்டிக்கிட்டு வந்துரு."