மைனா வாங்கிய கல்விக் கடன்

முதலைகளுக்குப் பல் பார்க்கும் கல்லூரியில் மைனாவுக்கு இடம் கிடைத்தது. கட்டணம் கட்டக் கையில் நெல் இல்லை. கடன் கேட்டுப் பெருச்சாளியின் வளைக்குப் போனது.

"நாற்பது பிடி நெல் வேணும்."

பெருச்சாளி நூறு பிடியை அள்ளி வைத்தது. "டாக்டர் ஆகப் போறீங்க. தனிக் கூடு, புதுக் கோட்டு எல்லாம் வேணாமா? படிச்சு முடிச்சதும் திருப்பிக் கொடுத்தா போதும்."

"நான் படிக்கிற நாலு வருஷமும் வட்டி தூங்குமா?"

பெருச்சாளி மீசையைத் தடவிக்கொண்டது. "வட்டிக்கு வட்டின்னு அது பாட்டுக்கு ஏறிக்கிட்டிருக்கும். அந்தக் கவலை இப்ப எதுக்கு? எல்லாரும் நூறுதான் வாங்குறாங்க."

மைனா அறுபது பிடியைத் திருப்பித் தள்ளியது. சீனியர் காகத்தின் பழைய கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டது. அதில் இறக்கையே வெளியே தெரியவில்லை. இன்னும் மூன்று பேரோடு ஒரே பொந்தில் தங்கியது. விடுமுறைகளில் அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கியது. மாதம் பிறந்ததும் அந்த மாத வட்டியைக் கொண்டுபோய் வளை வாசலில் கொட்டியது.

பெருச்சாளியின் முகம் வாடிப்போனது. "இப்ப யார் கேட்டா? மெதுவாக் கொடுக்கலாமே. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

"உங்களுக்கு இருக்காது, தெரியும்," என்றது மைனா. "எனக்கு இருக்கு. ரசீது போடுங்க."