கெட்டவளின் படம்

தில்லைக்கண்ணு காலணாப் பாட்டுப் புத்தகத்தை அச்சாபீஸ் மேசையில் விசிறியடித்தாள். அங்கே வேலை பார்த்துச் செத்துப்போன அவள் கணவன் அவளைப் பார்த்துச் செதுக்கிய மர அச்சுதான், எந்தப் பாதகியின் கதை வந்தாலும் அட்டைப்படம்.

“போன மாசப் புஸ்தகத்துல புருசனுக்கு விஷம் வெச்சேன். இப்போ புள்ளையக் கெணத்துல தள்ளிட்டேனாம்! குழாயடியில ஒருத்தியும் எங்கூடப் பேசறதில்ல, முதலாளி.”

“என்னாம்மா பண்றது? கெட்டவளுக்கு நம்மகிட்ட ஒரே அச்சுக்கட்டைதான்.”

“நல்லவளுக்கு?”

“அவளுக்குப் படம் போட்டா எவன் வாங்குவான்?”

மேசையிலிருந்த உளியை எடுத்து, பக்கத்தில் கிடந்த அச்சுக்கட்டையிலிருந்த தன் முகத்தை முழுக்கச் சுரண்டிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதமும் புத்தகம் வந்தது. அதே சேலை, அதே கொண்டை, முகமிருந்த இடத்தில் வெறும் வெள்ளை. குழாயடியில் அதை வாங்கிப் பார்த்த ஒவ்வொருத்தியும் முந்தானையை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டாள்.