ப்ராஜெக்ட் மேனேஜர் ஆவது எப்படி?

"வந்ததுல இருந்து பாக்கறேன், லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கறீங்களே மாமா!" என்றான் மைத்துனன்.

"'ப்ராஜெக்ட் மேனேஜர் ஆவது எப்படி?'ன்னு நெட்ல படிக்கிறேன் மச்சான்."

"அவர் என்ன செய்யணுமாம்?"

"வேலையைப் பிரிச்சுக் கொடுக்கணும், மீட்டிங் போடணும், ஏன் லேட்டுன்னு எல்லாரையும் கேக்கணும்."

"அக்கா தினமும் செய்யறதுதானே! இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? இருக்கிற வேலை போயிடுச்சா?"

"நாளைக்குத் தெரியும்," என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் அக்கா. "புது முதலாளி ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, 'இங்கே உங்க வேலை என்ன?'ன்னு கேக்கறாராம். நாளைக்கு இவர் முறை."

"கேட்டா சொல்லிட்டுப் போறாரு!"

"அதுக்குத்தான் விழுந்து விழுந்து படிக்கிறார். பன்னிரண்டு வருஷமா அங்கே ப்ராஜெக்ட் மேனேஜரே இவர்தான்டா!"