இரண்டாவது கமாண்டர்

விசில் சத்தம் நின்றபாடில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடுகிற அந்த மேற்குத் தாம்பரம் மண்டபத்துக்குள் ஒரு புத்தகத்துக்காக இத்தனை கூட்டம் நுழைந்தது அன்றுதான் இருக்கும்.

"கமாண்டர்னா நீதான்க்கா! அப்பால வந்ததெல்லாம் டூப்பு!" என்று பின்வரிசையில் ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான்.

மேடையில் நின்ற மாளவிகா சிரித்தாள். வெட்கமே இல்லாமல் பல் தெரியச் சிரித்தாள். வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

'துருவக்கலம்' டிவி தொடரில் விண்கலத்தை ஓட்டியவள் அவள்தான். தெர்மோகோல் சுவரும் தகரக் கதவும் வைத்த கலத்தில், கமாண்டர் நிறைமதி. பீர்க்கன்கரணையில் அவள் காய் வாங்கப் போனால் பிள்ளைகள் சல்யூட் அடிக்கும்.

ஒரு மழைநாளில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கால் முறிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை லீவு கேட்டாள். அதற்கென்ன மேடம், நன்றாக ரெஸ்ட் எடுங்கள் என்று சேனலில் கதைப் பிரிவைப் பார்க்கும் ஷ்யாம்சுந்தர் தேனாகப் பேசினார்.

அடுத்த ஞாயிறு, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. ஒரு பக்கம் அவள் படம். மறுபக்கம் யாரோ ஒரு பெண்ணின் படம். நடுவில், 'இனி இவருக்குப் பதில் இவர்.' உயிரோடு இருப்பவளுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருந்தது.

அந்தப் பெண் அனுப்பிரியா. மாளவிகா அவளை நேரில் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே மனதார வெறுத்தாள். புது கமாண்டர் வந்தும் தொடர் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று முந்திரி போட்டுக் கேசரி கிளறினாள்.

அதற்கப்புறம்தான் நாவல்கள் வந்தன.

பம்மலில் பதிப்பகம் நடத்தும் டேனியல் சேனலிடம் அனுமதி வாங்கி, 'துருவக்கலம்' கதையை நாவல்களாகத் தொடர்ந்தார். எழுதியவர் பெயர் விண்ணோடி என்று அட்டையில் இருந்தது. யார் அந்த விண்ணோடி என்று யார் கேட்டாலும், ரொம்பக் கூச்சம் உள்ள ஆள் என்று மட்டும் டேனியல் சொல்வார்.

கூச்சம் பேனாவுக்கு இல்லை. முதல் நாவலிலேயே விண்ணோடி ஒரு காரியம் செய்தார். நிறைமதிக்கு முகம் மாறவில்லை, ஆளே வேறு என்று எழுதினார். உண்மையான நிறைமதி ஏதோ ஒரு நிலாவில் தன்னந்தனியாகக் கைவிடப்பட்டிருக்கிறாள். அவள் பெயரில் கலத்தை ஓட்டுகிற இரண்டாவது கமாண்டர், யாருக்கும் தெரியாமல் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

படித்த பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெரும்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர் வரை, எங்கள் முதல் கமாண்டரைக் கொண்டு வா என்று சேனலைத் துளைத்தெடுத்தார்கள். அந்த விண்ணோடி மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மாளவிகா விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

இன்று மூன்றாவது நாவலின் வெளியீடு. சற்று முன்புதான் ஷ்யாம்சுந்தர் மைக்கைப் பிடித்து, மூன்று நாவல்களையும் புதிய தொடராக எடுக்கப்போவதாகச் சொன்னார். நிறைமதியாக மாளவிகா மேடம்தான் வரவேண்டும் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டுக்கொண்டார்.

அவளுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காயட்டும் என்று விட்டுவைத்தாள்.

டேனியல் முதல் பிரதியை அவள் கையில் கொடுத்தார். அதைப் பெற்றுக்கொள்ள விண்ணோடியை முதன்முறையாக மேடைக்கு அழைத்தார்.

எல்லாத் தலையும் திரும்பியது. நாற்காலி மேல் நின்று கத்தினானே, அவனுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து படியேறினாள்.

மாளவிகாவின் சிரிப்பு அணைந்தது. ஞாயிறு தவறாமல் டிவியில் பார்த்துக் கரித்துக் கொட்டிய முகம் அது.

அனுப்பிரியா புத்தகத்துக்குக் கை நீட்டவில்லை. மைக்குக்குக் கேட்காத குரலில், "நீங்களே விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. உங்க எடத்தை நான் புடுங்கலக்கா. அதைச் சொல்ல எனக்கு மூணு புக்கு ஆச்சு" என்றாள்.

மாளவிகாவுக்குக் கையிலிருந்த புத்தகம் கனத்தது. டேனியல் முன்கூட்டியே அனுப்பிய பிரதியில் கடைசி அத்தியாயத்தை மட்டும் அவள் ரசித்து ரசித்து இரண்டு முறை படித்திருந்தாள். இரண்டாவது கமாண்டர் நிறைமதியைக் கண்டுபிடித்து, தன் ஆக்சிஜன் சிலிண்டரைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, அந்த நிலாவிலேயே செத்துப்போகிறாள். ஒழிந்தது சனியன் என்று மாளவிகா போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

இப்போது அதே புத்தகத்தைக் கக்கத்தில் பத்திரமாக இடுக்கிக்கொண்டாள். எழுதும்போது இந்தப் பெண் எப்படி அழுதிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

மாளவிகா ஒரு கையால் அனுப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மைக்கை இழுத்தாள்.

"ஷ்யாம் சார், நான் வர்றேன். ஆனா சீரியல்ல கடைசி அத்தியாயத்தை மாத்தணும். ரெண்டு கமாண்டரும் உயிரோட வீடு திரும்பணும். இவங்க இல்லேன்னா நானும் இல்லை."

புத்தகம் இன்னும் வாசகர் ஒருவர் கைக்கும் போகவில்லை. கடைசி அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. இருந்தும் மண்டபம் அதிர விசில் பறந்தது. டூப்பு என்று கத்தியவன்தான் எல்லாரையும்விடப் பலமாக அடித்தான்.

ஷ்யாம்சுந்தர் எழுந்து நின்று தலையாட்டும்வரை மாளவிகா பிடித்த கையை விடவில்லை.