கழித்தல் கணக்கு

“நாலே மாசத்துல மூணு கிலோ போச்சு டாக்டர்!” மனைவி பதறியபடி பூனையை மேசையில் வைத்தாள். “வேகமா இளைச்சா ஈரலுக்கு ஆபத்துன்னீங்களே!”

கணவர் நழுவிய பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “அளந்துதான் சாப்பாடு வச்சோம். தினமும் நான் நூலை இழுத்துக்கிட்டு மாடிப்படியில ஓடுவேன், இது துரத்தும். அவ்வளவுதான்.”

கால்நடை மருத்துவர் பூனையை எடைபோட்டார். “ஒரு கிலோதான் குறைஞ்சிருக்கு. சரியான வேகம், சபாஷ்! வீட்ல எப்படி எடை பார்த்தீங்க?”

“இவர் பூனையைத் தூக்கிட்டு மெஷின்ல ஏறுவார். அதுல இவரோட எண்பத்தெட்டு கிலோவைக் கழிச்சிடுவோம்.”

“அந்த எண்பத்தெட்டு எப்பப் பார்த்தது?”

“போன வருஷம்…”

மருத்துவர் அவரை நாய்களுக்கான எடைமேடையில் ஏறச் சொன்னார்.

எண்பத்தாறு!

மனைவி பூனையை வாரி அணைத்தாள். “பத்து வருஷமா நான் கத்தியும் நடக்காததை நாலே மாசத்துல சாதிச்சிட்டியேடா, என் தங்கமே!”