மூன்றாவது திட்டம்

"மூணாவதே போடும்மா," என்றார் அய்யாக்கண்ணு.

சாஃப்ட்வேர் விற்க வந்த நவமணி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். இந்த மாதமும் ஒன்றும் விற்காவிட்டால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஆனால் கடையை ஒரு சுற்றுப் பார்த்த பிறகு அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை.

வெல்ட் கீ என்ற துறைமுகச் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், கப்பல்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை அது. கப்பல்கள் எல்லாம் அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போய்ப் பல வருஷமாகிறது. அவள் வந்ததிலிருந்து கடைக்குள் எட்டிப் பார்த்தது ஒரு பூனைதான். அதுவும் எதுவும் வாங்கவில்லை.

இந்தக் கடைக்குச் சரக்குக் கணக்குப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர்! இத்தனைக்கும், போன் போட்டு அவளைக் கூப்பிட்டதே அவர்தான். தையல் மிஷின் கனமிருக்கும் கம்ப்யூட்டரை அவள் ஃபெரியில் ஏற்றி, இறக்கி, கை வலிக்கத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"அங்கிள், இன்னொரு தடவ சொல்றேன், நல்லா கேளுங்க. முதல் திட்டத்துல ஒரே தடவையா காசு கட்டி டிஸ்க்கெட்ட வாங்கிக்கலாம். நீங்களே மெஷின்ல போட்டுக்கணும்."

"யாரும் வர மாட்டாங்களா?"

"மாட்டாங்க. ரெண்டாவது, வாடகை. மாசாமாசம் கொஞ்சமா கட்டுனா போதும், நான் வந்து எல்லாத்தையும் சரி பாத்துட்டுப் போவேன். பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்."

"நீதான் வருவியா?"

"நானேதான். மூணாவதுல, இத எழுதுன புரோகிராமரே கோலாலம்பூர்லேருந்து வருவாரு. ஒரு வாரம் இங்கயே உக்காந்து, உங்க கடைக்குத் தகுந்த மாதிரி மாத்திக் குடுப்பாரு. ஆனா அது பெரிய பெரிய கம்பெனிங்களுக்குலா. விலை ஆறு மடங்கு அங்கிள்!"

விலையை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"ஒரு வாரம் முழுசா இருப்பானா?"

"இருப்பாரு. ஹோட்டல் செலவும் உங்களதுதான்."

"ஹோட்டல் எதுக்கு? மேல ரூம் இருக்கு. போன வாரமே பெயிண்ட் அடிச்சு, புது மெத்தை போட்டு வச்சிட்டேன்."

நவமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வந்ததிலிருந்து மூன்று முறை "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார் மனிதர். வேண்டாம் என்று சொன்ன பிறகும் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கோப்பி வரவழைத்தார். பாவம், அவருக்கு வேண்டியது சாஃப்ட்வேர் இல்லை, பேச்சுத் துணைக்கு ஓர் ஆள்.

தனியாகக் கிடக்கிற ஒருவர் தலையில் மிளகாய் அரைத்துத்தான் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா? நினைக்கவே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

"அங்கிள், ரெண்டாவதே போதும்லா," என்றாள். அதை விற்றால் மேனேஜர் முகம் எப்படிப் போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள். "மாசத்துக்கு ஒரு தடவதான் வரணும்னு இல்ல. புக்கிட் மெர்தாஜாம் ஆபீஸ்லேருந்து இந்தப் பக்கம் வர்றப்ப எல்லாம் எட்டிப் பாக்குறேன். உக்காந்து பேசிட்டுப் போறேன்."

அய்யாக்கண்ணு அவளையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, உதட்டில் மட்டும் சிரிப்பு.

"நீ நல்ல பொண்ணும்மா. எப்ப வேணும்னாலும் வா, கோப்பி குடிச்சிட்டுப் போ. ஆனா திட்டம் மூணாவதுதான்."

"அங்கிள், ஒரு வாரம் முடிஞ்சதும் அவரு கிளம்பிப் போயிடுவாரு. அதுக்குப் பிறகு?"

"அந்த ஒரு வாரம் போதும்மா."

"இவ்வளவு காசு கொட்டி ஏமாந்துட்டீங்கன்னு நாளைக்கு உங்க வீட்டு ஆளுங்க என்னை ஏசுவாங்களே!"

"ஏசுறதுக்கு இங்க யாரும்மா இருக்கா?"

நவமணி பெருமூச்சு விட்டபடி பையிலிருந்து ஆர்டர் ஃபாரத்தை எடுத்து மேசையில் விரித்தாள்.

"சரி, உங்க பேரையும் கடை பேரையும் முழுசா சொல்லுங்க. கோலாலம்பூருக்கு இன்னிக்கே ஃபேக்ஸ் அனுப்பிடுறேன்."

அவர் சட்டென்று கையை நீட்டி அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"பேரு மட்டும் வேணாம்மா. அப்பன் கடைன்னு தெரிஞ்சா அவன் வர மாட்டான்."