சாயாத வரிசை

அழக் கூடாது. இவர் முன்னால் மட்டும் அழக் கூடாது.

கம்ஷாத் வலக்கையை மேல்சட்டைப் பைக்குள் விட்டபடி வரப்பில் நின்றாள். ராத்திரி அடித்த காற்றிலும் மழையிலும் ஆராய்ச்சிப் பண்ணையின் கோதுமை முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும் விறைப்பாக நின்றது.

"பாத்தியா தங்கச்சி? அத்தனையும் சாஞ்சு போச்சு. உன் புருஷனோடது மட்டும் நிக்குது" என்றார் பண்ணைத் தலைவர் சபீர். "நான் எவ்வளவு கேலி பண்ணியிருப்பேன்! கோதுமைக்கும் காட்டுப் புல்லுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறியே, பொறக்கறதை மனுஷன் திம்பானா, ஆடு திங்குமான்னு."

"அவர் சிரிச்சுட்டுப் போயிடுவார், அண்ணே."

தண்டுக்கு உறுதி தரும் மரபணு அந்தப் புல்லில்தான் இருக்கிறது என்று அவள் கணவன் தொலெகென் கடைசிவரை நம்பினான். போன கோடையில் பூப்பூவாய் மகரந்தம் தடவி இரண்டையும் கலந்து விதை எடுத்தான். பனிக்காலத்தில் இறந்துபோனான். பனி உருகியதும் அந்த விதைகளை விதைத்தவள் கம்ஷாத்.

"நீயும் இந்தப் பயிர் மாதிரிதான். அவன் சாவுல பொண்டாட்டி ஒப்பாரி பாடணும்னு ஊரே காத்துக்கிட்டு இருந்துச்சு. நீ வாயே திறக்கல. அசையாம நின்னே."

விடியும்போதே அவள் இங்கே வந்துவிட்டாள். நிற்கும் வரிசையைக் கண்டதும் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"மத்தியானம் தலைநகர்லேருந்து பயிரைப் பார்க்க ஆளுங்க வர்றாங்க. இந்த ரகத்துக்கு 'தொலெகென்'னு பேர் வைக்கணும்னு நீயே கேளு. நீ கேட்டா மறுக்க மாட்டாங்க. அவன் வருஷ நினைவுக்கு நம்ம வழக்கப்படி ஏழு ஷெல்பெக் ரொட்டியும் இந்த மாவுலயே பொரிச்சு ஊருக்குக் கொடுப்போம்."

"வேண்டாம், அண்ணே."

"ஏம்மா? அவன் உசிரையே கொடுத்தது இதுக்குத்தானே?"

"ரொட்டிக்கு மாவு கடையில வாங்கிக்கிறேன்."

பைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தாள். அந்த வரிசையில் விடியலில் அவள் கசக்கிப் பார்த்த கதிர்கள். ஒரு மணிகூட இல்லை, வெறும் பதர்.

சபீர் வரிசையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல, அண்ணே" என்றாள் கம்ஷாத். "அதான் நிக்குது."